ஒரு கிலோமீட்டர்... 200 விநாடி!

கம்பம், கூடலூர் எல்லாம் தாண்டி லோயர் கேம்ப்பில் பஸ் கொஞ்சம் மூச்சு வாங்கி நிற்கும். அப்போ ஜன்னல் வழியா மலையை நிமிர்ந்து பாருங்க. உச்சியிலிருந்து அடிவாரம் வரை ராட்சச இரும்புக் குழாய்கள் இறங்கி வரும். அதுக்குள்ளே ஓடுறது பெரியாற்றுத் தண்ணி! மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய ஆறு, மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா கிழக்கே திரும்பி வருது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம்னு ஐந்து மாவட்டம் அதை நம்பித்தான் இருக்கு. பக்கத்திலேயே பென்னிகுக் மணிமண்டபம். 2013 ஜனவரியில் திறந்தாங்க. இந்தப் பள்ளத்தாக்கில் பிள்ளைக்கு 'பென்னிகுக்'னே பேர் வெச்ச வீடுகள் உண்டு. சும்மா இல்லை பாஸ், சோறு போட்ட மனுஷன்!

நமக்குத் தெரிஞ்ச பெரியாறு இவ்வளவுதான். ஆனா, இதே பஸ்ஸில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினா இன்னொரு பெரியாறு இருக்கு. முல்லைப் பெரியாறு அணைக்குக் கீழே, மேற்கு நோக்கி ஓடுற ஆறு. அதன் கரையிலும் ஜனங்க இருக்காங்க. அதில் பாதி வீட்டு வாசல்ல நம்ம தமிழ்தான் கேட்குது. வாங்க, இந்தத் தடவை அந்தப் பக்கம் போவோம்.

கையில் ஒரு நோட்டு, ஒரு பேனா, போனில் கால்குலேட்டர்... அவ்வளவு போதும்.

குமுளி: இரண்டு கேள்வியைப் பிரிச்சு வைங்க

குமுளியில் இறங்கி ஒரு கட்டன் சாயா, ஒரு பழம்பொரி. அதுக்குள்ளே பழைய கதையைச் சுருக்கமா பார்த்துடலாம்.

1886-ல் திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் 999 வருஷ குத்தகை ஒப்பந்தம். 1895-ல் அணை தயார். நீளம் 1,200 அடி, உயரம் 155 அடி. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தில் கட்டின கல் அணை. இருக்கிறது கேரள மண்ணில், இயக்குறது தமிழ்நாடு.

1979 ஆகஸ்ட்டில் குஜராத்தில் மச்சு-2 அணை உடைஞ்சு மோர்பி நகரம் அழிஞ்சது. அந்தச் செய்தி வந்ததும் 'நம்ம தலைக்கு மேலேயும் ஒரு பழைய அணை இருக்கே'ங்கிற பயம் கேரளத்தில் பெரிசாச்சு. அதே வருஷம் நவம்பரில் மத்திய நீர் ஆணையம் கூடிப் பேசி, அணையைப் பலப்படுத்துற வரைக்கும் தண்ணீரை 136 அடியில் நிறுத்துறதுன்னு முடிவாச்சு. அப்புறம் தலைப்பகுதியில் கான்கிரீட் தொப்பி, உள்ளே கேபிள் நங்கூரம், பின்பக்கம் கான்கிரீட் முட்டுன்னு தமிழ்நாடு வேலைகளை முடிச்சது. 2006-ல் ஒரு தீர்ப்பு; 2014 மே 7-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு. அணை பாதுகாப்பா இருக்கு, 142 அடி வரை தேக்கலாம்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

இங்கேதான் நாம ஒரு கோடு போடணும். 'அணை உடையுமா?' என்பது ஒரு கேள்வி. 'ஒருவேளை உடைஞ்சா தண்ணி எங்கே, எப்போ, எவ்வளவு உயரத்துக்கு வரும்?' என்பது வேற கேள்வி. முதல் கேள்விக்கு 'உடையாது'ன்னு பதில் வந்தாலும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கும். உங்க காலேஜ் பஸ் நல்லா ஓடுது, பிரேக் பக்கா. அதுக்காக எமர்ஜென்சி கதவை வெல்டு வெச்சு மூடிடுவாங்களா?

ஆனா நம்ம ஊரில் நடக்கிறது என்ன? இரண்டாவது கேள்வியை யாராவது கேட்டாலே, 'ஓ... நீ அந்தப் பக்கமா?'ன்னு முறைக்கிறோம். அந்தப் பக்கத்திலோ, வெள்ள வரைபடத்தையே 'பாரு, உடையப் போகுது'ன்னு கொடி மாதிரி தூக்கிப் பிடிக்கிறாங்க. இரண்டு பேரும் சண்டை போடுறது முதல் கேள்விக்கு. நடுவில் அம்போன்னு நிற்கிறது இரண்டாவது கேள்வி!

வண்டிப்பெரியாறு: பாலத்தில் நின்னு ஒரு கணக்கு

குமுளியிலிருந்து கோட்டயம் ரோட்டில் அரை மணி நேரம். இரண்டு பக்கமும் தேயிலை. வண்டிப்பெரியாறு டவுனில் ஆற்றைக் கடக்கிற பாலத்தில் இறங்கி நில்லுங்க. கோடையில் வந்தா, 'இதுக்கா இவ்வளவு சண்டை?'ன்னு தோணும். பாறைகளுக்கு நடுவே தண்ணி நழுவிப் போய்க்கிட்டிருக்கும். துணி துவைக்கிறவங்க, குளிக்கிற பசங்க, கரையோடு ஒட்டிக் கட்டின வீடுகள்.

அணைக்குக் கீழே முதல் ஊர் வள்ளக்கடவு. அடுத்தது இந்த வண்டிப்பெரியாறு. அப்புறம் சப்பாத்து, உப்புத்தறை, ஐயப்பன்கோவில். அங்கே ஆறு இடுக்கி நீர்த்தேக்கத்தில் கலந்துடும். அணையிலிருந்து இடுக்கித் தேக்கம் வரை சுமார் 36 கிலோமீட்டர்.

இப்போ நோட்டை எடுங்க.

அணை உடைப்பு கணக்கின் தாத்தா, ரிட்டர். ஜெர்மன்காரர். 1892-ல், அதாவது மேலே பென்னிகுக் கல் அடுக்கிக்கிட்டிருந்த அதே நேரத்தில், ஒரு சூத்திரம் சொன்னார். அணை ஒரே நொடியில் காணாமப் போச்சு, கீழே சமதளம், உராய்வே இல்லைன்னு வெச்சுக்கோங்க. அப்போ தண்ணியின் முனை ஓடுற வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினா வரும். ஆழம் 43 மீட்டர்னு போட்டுப் பாருங்க. விநாடிக்கு 41 மீட்டர். மணிக்கு 148 கிலோமீட்டர்! அணை இருந்த இடத்தில் தண்ணியின் உயரம், முதல் ஆழத்தில் ஒன்பதில் நாலு பங்கு. அதாவது 19 மீட்டர், கிட்டத்தட்ட ஆறு மாடி.

பயந்துடாதீங்க. இது பாடப்புத்தக உலகம். நிஜ ஆறு அப்படி விடாது. பாறை பிடிக்கும், மரம் பிடிக்கும், வளைவு தடுக்கும். மூணாம் வருஷ ஹைட்ராலிக்ஸில் மேனிங் சூத்திரம் மனப்பாடம் பண்ணியிருப்பீங்களே, அதில் வர்ற 'என்' இந்தப் பிடிமானத்தின் அளவுதான். சுத்தமான வாய்க்காலுக்கு 0.03. பாறையும் புதரும் மண்டின ஆறுன்னா அதைப்போல இரண்டு, மூணு மடங்கு. 'என்' இரட்டிப்பானா வேகம் பாதியாகும். அப்பாடான்னு உட்காராதீங்க... வேகம் குறைஞ்ச தண்ணி பின்னாலிருந்து வர்ற தண்ணியோடு சேர்ந்து உயரும். ஒரு இடத்தில் நேரம் கிடைக்கும், அதே இடத்தில் ஆழம் ஏறும். பாலத்தில் மரங்கள் வந்து அடைச்சுக்கிட்டா இன்னும் ஏறும்.

அதனால்தான் நிஜ ஆய்வில் ஒரே எண்ணை வெச்சு வேலை பண்ண மாட்டாங்க. அணையில் எவ்வளவு தண்ணி, எந்த இடத்தில் எவ்வளவு அகலத்துக்கு உடையுது, உடைய எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு முதல்ல தீர்மானிப்பாங்க. மண் அணைன்னா தண்ணி கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு எடுக்கும். கல் அணை, கான்கிரீட் அணைன்னா ஒரு பகுதி மொத்தமா நிமிஷங்களில் போயிடலாம். அப்புறம் ஆற்றின் குறுக்குவெட்டு, நில உயரம். எல்லாத்தையும் ஹெச்.இ.சி-ராஸ் மாதிரி ஒரு மென்பொருளில் கொடுப்பாங்க. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை இலவசமாவே தர்ற மென்பொருள் அது. நீங்களும் இறக்கிக்கலாம். அதிலும் இரண்டு கதை ஓட்டணும். நல்ல வெயில் நாளில், ஆறு காலியா இருக்கும்போது உடைஞ்சா ஒண்ணு. ஏற்கெனவே மழை கொட்டி, ஆறு கரை புரளும்போது உடைஞ்சா இன்னொண்ணு. முதலாவதில் தண்ணி குறைவு, ஆனா யாருமே எதிர்பார்க்க மாட்டாங்க. இரண்டாவதில் எல்லாரும் முழிச்சிருப்பாங்க, ஆனா ரோடு இருக்காது, கரன்ட் இருக்காது.

நாம பாலத்தில் நின்னு அவ்வளவும் பண்ண முடியாது. ஒரு தோராய எண் வெச்சுக்குவோம்: விநாடிக்கு 5 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 200 விநாடி. 10 கிலோமீட்டர் கீழே இருக்கிற வீட்டுக்கு 2,000 விநாடி, அதாவது 33 நிமிஷம். 36 கிலோமீட்டருக்கு 7,200 விநாடி... சரியா இரண்டு மணி நேரம்.

விநாடிக்கு 5 மீட்டர் என்பது, 1,500 மீட்டரை 5 நிமிஷத்தில் ஓடி முடிக்கிற வேகம். உங்க காலேஜ் ஸ்போர்ட்ஸ் டே-யில் அப்படி ஓட எத்தனை பேரால் முடியும்? பாட்டிகளால்? அதனால ஆற்றோடு போட்டி போட்டு ஓடவே கூடாது. பக்கவாட்டில், மேட்டுக்கு ஏறணும். நூறு மீட்டர் சரியான திசையில் நடந்தாலே போதும்ங்கிற இடங்கள் இந்த ஊரில் நிறைய. எந்த நூறு மீட்டர்ங்கிறதுதான் கேள்வி!

லயத்து வாசல்

வண்டிப்பெரியாற்றைச் சுத்தி தேயிலை எஸ்டேட்டுகள். கொழுந்து பறிக்க, தலைமுறைகளுக்கு முன்னாலே நம்ம பக்கத்து ஜில்லாக்களிலிருந்து மலையேறின குடும்பங்கள் இன்னமும் லயங்களில்தான் இருக்கு. ஒரே நீளக் கட்டடம், ஆளுக்கொரு அறை, வாசலில் துளசியோ கோழிக்கூண்டோ. ஆற்றுக்குப் பக்கத்து லயம் ஒண்ணில் ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எந்த ஊரு தம்பி?"

"தேனிப் பக்கம் பாட்டி."

"அப்போ இந்தத் தண்ணி உங்க ஊருக்குத்தானே போகுது. நெல்லு நல்லா விளையுதா?"

கோபமெல்லாம் இல்லை. நிஜமாவே விசாரிக்கிறாங்க. எனக்குத்தான் பதில் சொல்ல ஒரு நிமிஷம் ஆச்சு. விளையுதுன்னேன்.

"விளையட்டும். இங்கே ராத்திரி மழை பிடிச்சா மட்டும் தூக்கம் வராது. ஆத்துச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கிடப்போம்."

தண்ணி வந்தா எங்கே போவீங்கன்னு கேட்டேன். மேட்டில் ஒரு சின்னக் கோயிலைக் காட்டினாங்க. அங்கே போகணும்னு யார் சொன்னாங்கன்னு கேட்டா, "யாரு சொல்லணும்? நாங்களா முடிவு பண்ணி வெச்சிருக்கோம்"னாங்க.

ஒரு பெரிய ஆய்வு பதில் சொல்ல வேண்டிய கேள்வி, அந்த லயத்து வாசலிலேயே முடிஞ்சு போச்சு. அந்தக் கோயில் வெள்ளக் கோட்டுக்கு மேலேயா, கீழேயா? பாட்டிக்குத் தேவை அவ்வளவுதான். கலர் கலரா ஆயிரம் பக்கத்தில் அறிக்கை போட்டாலும், இந்த ஒரு வரி அவங்க கைக்கு வரலைன்னா அந்த ஆய்வு பாதியில் நிற்குதுன்னு அர்த்தம். வரும்போது தமிழிலும் வரணும். மலையாள அறிவிப்புப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசா அவங்களுக்கு?

அணை உடையவே வேண்டாம், ஷட்டர் திறந்தாலே இங்கே கதை மாறும். 2021 டிசம்பர் தொடக்கத்தில் ராத்திரி நேரத்தில் ஷட்டர்கள் திறந்து, வண்டிப்பெரியாறு கரையோர வீடுகளுக்குள் தண்ணி வந்தது. முன்கூட்டியே சொல்லாம திறக்கிறாங்கன்னு கேரளம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. மேற்பார்வைக் குழுவிடம் போய்ச் சொல்லுங்கன்னு கோர்ட் அனுப்பிச்சது. யார் பக்கம் நியாயம்ங்கிறதை விடுங்க. பாதி ராத்திரியில் முழங்கால் தண்ணியில் எழுந்திருக்கிற குழந்தைக்கு எந்த மாநிலம்னு தெரியுமா?

15 நிமிஷமா, 90 நிமிஷமா?

எதுக்கு இந்த நிமிஷக் கணக்குன்னு கேட்பீங்க. 1988-ல் பிரவுன், கிரஹாம்னு இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பழைய அணை விபத்துகளையும் வெள்ளங்களையும் அலசிப் பார்த்தாங்க. எச்சரிக்கைக்கும் தண்ணி வர்றதுக்கும் நடுவே 15 நிமிஷம்கூட இல்லைன்னா, பாதையில் இருக்கிறவங்களில் பாதிப் பேர் வரை சாகலாம். 90 நிமிஷத்துக்கு மேல் கிடைச்சா, பத்தாயிரத்துக்கு இரண்டு பேர். அதே தண்ணி, அதே பள்ளத்தாக்கு. வித்தியாசம் ஒண்ணே கால் மணி நேரம்!

இதுக்கு உதாரணம் வேணுமா? அமெரிக்காவின் டீட்டன் அணை, 93 மீட்டர் உயரம். 1976 ஜூன் 5, காலையில் கசிவைப் பார்த்தாங்க. மதியம் 12 மணிக்குச் சில நிமிஷம் முன்னால் அணை போச்சு. நடுவில் கிடைச்ச நேரத்தில் கீழ்ப்பகுதி ஊர்களைக் காலி பண்ணினாங்க. செத்தவங்க 11 பேர். மோர்பிக்கு மேலே இருந்த மச்சு-2, உயரத்தில் அதில் கால்வாசி சுமார். நகரம் அணையிலிருந்து 5 கிலோமீட்டர். கொட்டுற மழையில் போன் தொடர்பு அறுந்து, எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. 1979 ஆகஸ்ட் 11 மதியம் தண்ணி ஊருக்குள் வந்தப்போதான் ஜனங்களுக்குத் தெரிஞ்சது. செத்தவங்க எண்ணிக்கையை ஆளுக்கொண்ணு சொல்றாங்க. குறைச்சுச் சொல்ற கணக்கே 1,800!

ரொம்ப தூரம்னு நினைக்காதீங்க. நம்ம திண்டுக்கல் பக்கம் குடகனாறு அணை. ஆற்றுப் படுகையிலிருந்து பதினொன்றரை மீட்டர்தான் உயரம். மண் அணை. 1977 நவம்பர் புயல் மழையில் வெள்ளம் ஏறுது. ஊழியர்கள் ஷட்டரைத் தூக்குறாங்க, பாதியில் கரன்ட் போச்சு. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தாங்க, பலிக்கலை. கடைசியில் கையால் சுத்தித் தூக்கப் போராடினாங்க. அதுக்குள்ளே தண்ணி அணைத் தலைக்கு மேலே வழிஞ்சு, பின்சரிவை அரிச்சு, 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை அங்கங்கே உடைப்பு. அப்புறம் திரும்பக் கட்டினாங்க. யாரும் தூங்கிப் போகலை, யாரும் ஓடிப் போகலை. அப்படியும் உடைஞ்சது. அதனால்தான் 'நாங்க கவனமா இருக்கோம்'ங்கிற பதில் கீழே இருக்கிறவங்களுக்குப் போதாது.

இன்னொரு கழித்தல் கணக்கு. பத்தாவது கிலோமீட்டர் வீட்டுக்கு 33 நிமிஷம்னு போட்டோமே... அது தண்ணிக்கு. காவலாளி பார்த்து, பொறியாளருக்குச் சொல்லி, அவர் மேலதிகாரிக்குச் சொல்லி, அங்கிருந்து கலெக்டர், அப்புறம் பஞ்சாயத்து, அப்புறம் சைரன். இதுக்கு 20 நிமிஷம் போனா, பாட்டிக்கு மிச்சம் 13 நிமிஷம். தண்ணியின் வேகத்தை நம்மால குறைக்க முடியாது. அந்த 20-ஐ 5 ஆக்க முடியும்!

சப்பாத்திலிருந்து இடுக்கிக்கு

வண்டிப்பெரியாற்றிலிருந்து குட்டிக்கானம், ஏலப்பாறை வழியா கட்டப்பனை ரோட்டைப் பிடிச்சா சப்பாத்து. மூடுபனி, ஏலக்காய் வாசனை, கைப்பிடி கம்பியை இறுக்கிப் பிடிக்க வைக்கிற வளைவுகள்... சும்மா சொல்லக்கூடாது, ரூட் செம! பேரே சப்பாத்து, தரையோடு போட்ட பாலத்துக்கு அங்கே அதுதான் பேர். புது அணை கேட்டு 2006-ல் தொடர் உண்ணாவிரதம் ஆரம்பிச்சு வருஷக்கணக்கா நடந்த ஊர் இது. 'அங்கே போராட்டம்'னு நாம பேப்பரில் படிக்கிறப்போ கோபம் வரும். ஆற்றுக்கும் கடைவாசலுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை நேர்ல பார்த்தா, கோரிக்கையை ஒத்துக்கலைன்னாலும் பயம் புரியும்.

அங்கிருந்து ஐயப்பன்கோவில் போனா ஒரு தொங்கு பாலம். கீழே இடுக்கி நீர்த்தேக்கத்தின் வால்பகுதி. போட்டோ எடுக்காம யாரும் திரும்ப மாட்டாங்க. நீங்க எடுக்கும்போது, அடியில் தெரியிற தண்ணி மட்டத்தையும் ஒரு தடவை கவனிங்க. ஆய்வில் பெரிய முடிச்சே அங்கேதான்.

முல்லைப் பெரியாற்றின் முழுக் கொள்ளளவு 443 மில்லியன் கன மீட்டர், அதாவது சுமார் 15.6 டி.எம்.சி. அதுவும் 152 அடி வரை நிறைஞ்சா. இப்போ அனுமதி 142 அடிதான். இடுக்கியோ சுமார் 2,000 மில்லியன் கன மீட்டர், 70 டி.எம்.சி. 'அப்போ இடுக்கி அப்படியே முழுங்கிடுமே'ன்னு நம்ம பக்கம் சொல்லுவோம். கோடையில் சரி. இடுக்கியில் இடம் இருக்கிற எந்த நாளிலும் சரி. ஆனா 2018 ஆகஸ்ட்டை நினைச்சுப் பாருங்க. 9-ம் தேதி, 26 வருஷத்துக்கு அப்புறம் இடுக்கியின் செறுதோணி ஷட்டரைத் திறந்தாங்க. 15-ம் தேதி முல்லைப் பெரியாறு 142 அடி. இரண்டும் ஒரே வாரத்தில் ஃபுல்!

குறவன் மலை, குறத்தி மலைக்கு நடுவே நிற்கிற இடுக்கி வளைவு அணையில் ஷட்டரே கிடையாது. 169 மீட்டர் உயரம் கான்கிரீட் மட்டும்தான். தண்ணி வெளியேற வழி, பக்கத்து செறுதோணி அணையின் ஐந்து ஷட்டர்கள். அதுக்குக் கீழே செறுதோணி டவுன், லோயர் பெரியார், பூதத்தான்கெட்டு, மலையாற்றூர், ஆலுவா, நெடும்பாசேரி விமான நிலையம், கொச்சி. 2018-ல் அணை எதுவும் உடையலை. அப்பவே ஆலுவா மூழ்கி, விமான நிலையத்தை இரண்டு வாரம் மூடி வெச்சாங்க. அதனால கணக்கு 36-வது கிலோமீட்டரில் முடியாது. 'அன்னைக்கு இடுக்கியில் எவ்வளவு இடம் இருந்தது?'ன்னு கேட்டுட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திருப்பணும்.

கோடு போட்டா போதுமா?

இது ஏதோ முல்லைப் பெரியாற்றுக்கு மட்டும் பிடிச்ச சனி கிடையாது. எல்லா அணைக்கும் இந்தக் கேள்வி உண்டு. அவசரகாலத் திட்டம் எப்படித் தயாரிக்கணும்னு மத்திய நீர் ஆணையம் 2016-ல் வழிகாட்டி போட்டது. வெள்ள வரைபடம் எப்படி வரையணும்னு 2018-ல் இன்னொண்ணு. அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 டிசம்பர் 30-ல் அமலுக்கு வந்தது. ஏற்கெனவே இருக்கிற அணைகளுக்கு ஐந்து வருஷத்துக்குள் அவசரகாலத் திட்டம் தயாரிக்கணும்னு அதில் இருக்கு. ஒரு மாநிலத்தின் அணை இன்னொரு மாநில மண்ணில் இருந்தா, தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையமே கவனிக்கணும்னும் இருக்கு. ஆக, சட்டம் ரெடி, மென்பொருள் ரெடி, சூத்திரம் 1892-லேயே ரெடி!

மிச்சம் இருக்கிறது கடைசி மைல். வரைபடத்தின் கோட்டை ஊருக்குள் கொண்டு வரணும். லயத்துச் சுவரில், ஸ்கூல் காம்பவுண்டில், பாலத் தூணில் பெயின்ட்டால் ஒரு கோடு: 'தண்ணி இதுவரை வரலாம். வர எத்தனை நிமிஷம். ஏற வேண்டிய பாதை இது.' மலையாளத்தில் ஒண்ணு, தமிழில் ஒண்ணு. வருஷத்துக்கு ஒரு ஒத்திகை. இதனால தமிழ்நாட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணி குறையாது. 142 அடி 142 அடியாவே இருக்கும். கேரளத்தின் எந்த வாதமும் இதனால தோற்காது. சொல்லப்போனா, 'எங்க அணை பலமானது'ன்னு நெஞ்சு நிமிர்த்துற நாமதான் முதல் ஆளா பெயின்ட் டப்பாவைத் தூக்கணும். அந்தத் தண்ணியில் விளைஞ்ச சோறு சாப்பிடுறவங்களுக்கு அந்தக் கடமை கொஞ்சம் கூடுதல்.

நம்ம வீட்டிலும் இதே பாக்கி இருக்கு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி. அடையாறு கரையில் யாருக்கு எத்தனை மணி நேரம் முன்னாடி தெரிஞ்சது? 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து 1.68 லட்சம் கன அடி. தென்பெண்ணைக் கரையில் எத்தனை வீட்டில் முழிச்சிருந்தாங்க? இரண்டிலும் அணை உடையலை, திறந்தாங்க. அவ்வளவுதான்.

இப்போ உங்க முறை. உங்க காலேஜ் இருக்கிற ஊருக்கு மேலே எந்த அணைன்னு பாருங்க. திருச்சி, ஈரோடு பசங்களுக்கு மேட்டூர். மதுரைக்கு வைகை. ஆற்றோடு எத்தனை கிலோமீட்டர்னு கூகுள் எர்த்தில் அளந்து, 200-ஆல் பெருக்கி, 60-ஆல் வகுங்க. சமவெளியில் ஆறு இன்னும் மெதுவாத்தான் வரும், அதனால உங்களுக்குக் கூடுதலாவே நேரம் கிடைக்கும். அந்த நிமிஷத்தில் நீங்க எந்த மேட்டுக்குப் போவீங்கன்னு எழுதுங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி அலையுற சிவில் மக்களே, ஒரு அணை, ஒரு ஆறு, கரையில் பத்து ஊர். உட்கார்ந்து பண்ணுங்க. பண்ணி முடிச்சதும் பைண்டிங் போட்டு லைப்ரரியில் வைக்கிறதுக்கு முன்னாடி, அந்தப் பத்து ஊரிலும் போய்ப் படிச்சுக் காட்டிட்டு வாங்க.

போறவங்களுக்கு...

தேனி, கம்பத்திலிருந்து குமுளிக்கு அடிக்கடி பஸ் உண்டு. குமுளியிலிருந்து கோட்டயம் பஸ்ஸில் வண்டிப்பெரியாறு. குட்டிக்கானத்தில் மாறினா சப்பாத்து, கட்டப்பனை.

அணைப் பகுதி புலிகள் காப்பகத்துக்குள் இருக்கு. அனுமதி இல்லாம போக முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க. தேக்கடி படகிலிருந்து அதே நீர்த்தேக்கத்தைப் பார்க்கலாம்.

மழைக்காலத்தில் ஆற்றுப் பாறையில் ஏறி செல்ஃபி வேண்டாம். மேலே ஷட்டர் திறந்தது உங்களுக்குக் கேட்காது.

லயத்தில் யார் வீட்டிலாவது டீ கொடுத்தா வாங்கிக் குடிங்க. தண்ணி எப்படி இருக்குன்னு விசாரிப்பாங்க. உங்க ஊரைச் சொல்லுங்க, அவங்க ஊரையும் கேளுங்க.